கோதுமையின் சொந்தக் காவல்

இந்த மாதப் பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்டது ஜெர்மனியின் பான் நகரமும் கோதுமைப் பயிரும். பான் என்றால் பேத்தோவன் பிறந்த ஊர், மேற்கு ஜெர்மனியின் தலைநகராக இருந்த ஊர் என்பது பலருக்கும் தெரியும். உழவுக்கும் அந்த ஊருக்கும் உள்ள உறவும் பழையதுதான். அங்கே பாப்பல்ஸ்டார்ப் பகுதியில் 1847-இல் ஒரு வேளாண் கல்விக்கூடம் தொடங்கப்பட்டது. 1934-இல் அது பான் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது.

1850-களில் அங்கே படித்தவர்களில் ஒருவர் யூலியஸ் க்யூன். 1858-இல் அவர் பயிர் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பயிர் நலிந்து போவதால்தான் பூஞ்சாணம் தோன்றுகிறது என்று பலரும் நம்பிய காலம் அது. பூஞ்சாணம் தாக்குவதால்தான் பயிர் நலிகிறது என்று க்யூன் எடுத்துக் காட்டினார். கோதுமை மணியைக் கருந்தூளாக்கும் கரிப்பூட்டை நோய்க்கு, விதையை மயில்துத்தக் கரைசலில் ஊறவைக்கும் முறையையும் பரிந்துரைத்தார்.

எதிரி யார் என்று தெரிந்ததும், கொல்லும் மருந்தைத் தேடுவது இயல்புதானே. 1915-இல் பேயர் நிறுவனம் உஸ்புலுன் என்ற பாதரச விதை மருந்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் உலகெங்கும் பலவகைப் பாதரச மருந்துகள் வந்தன. அதன் விலை என்ன என்பதை 1971-72-இல் ஈராக் கண்டது. மெதில் பாதரசம் பூசி, விதைக்க அனுப்பிய கோதுமையைக் கிராமத்து மக்கள் ரொட்டி சுட்டுச் சாப்பிட்டார்கள். மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்கள் மட்டும் 6,530 பேர். அவர்களில் 459 பேர் இறந்தார்கள்.

இன்னொரு வழியும் மெல்ல வளர்ந்து வந்தது. பயிருக்கே காவல் உண்டு, அதை முன்கூட்டியே எழுப்பிவிடலாம் என்பது அந்த வழி. 1961-இல் அமெரிக்காவில் ஃபிராங்க் ராஸ் புகையிலையின் ஓர் இலையில் நச்சுயிரைத் தொற்றவைத்தார். தொற்றாத மற்ற இலைகளும் அதே நோயைத் தாங்கி நின்றன. 1979-இல் இங்கிலாந்தில் ஒயிட் என்பவர் ஆஸ்பிரினைப் புகையிலை இலையில் செலுத்தியும் அதே போன்ற பலனைக் கண்டார். ஆஸ்பிரின், பானுக்கு வடக்கே எல்பர்ஃபெல்டில் 1897-இல் பேயர் ஆய்வுக்கூடத்தில் தயாரான தலைவலி மருந்து! பயிர் தன் உடலுக்குள் அபாயச் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் சாலிசிலிக் அமிலத்தின் உறவுக்காரன் அது என்பதே காரணம்.

1980-களில் பான் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வெல்ட்சீனும் அவர் மாணவர்களும் எளிய பொருள் ஒன்றைக் கையில் எடுத்தார்கள். மக்கிய உரத்தைத் தண்ணீரில் சில நாள் ஊறவைத்து, வடித்துத் தெளித்தார்கள். திராட்சையின் அடிச்சாம்பல் நோயும், கோதுமையின் பங்காளியான பார்லியின் சாம்பல் நோயும் குறைந்தன. வடிநீரிலுள்ள நுண்ணுயிர்கள் பூஞ்சாணத்தை எதிர்ப்பது ஒரு காரணம். இலையின் காவல் விழித்துக்கொள்வது இன்னொரு காரணம். அப்படி விழித்த இலை தன் செல் சுவரைத் தடிக்க வைக்கும், பூஞ்சாணத்தின் சுவரை அரிக்கும் நொதிகளைச் சுரக்கும்.

கோதுமைக்கென்றே இந்த வழியில் மருந்துகளும் வந்தன. சாம்பல் நோய்க்கு எதிராக 1996-இல் ஜெர்மனியில் பயான் வந்தது. அது செயற்கைப் பொருள். 2002-இல் பிரான்சில் கடற்பாசியிலிருந்து எடுத்த லாமினாரின் அனுமதி பெற்றது. அது இயற்கைப் பொருள்.

அப்படியிருந்தும் நஞ்சு மருந்துகளின் இடத்தை இவை பிடிக்கவில்லை. நஞ்சை அளக்கும் கோலாலேயே இவற்றையும் அளந்தோம் என்பது என் கருத்து. இவை எதிரியைக் கொல்வதில்லை. நோய் வருமுன் தெளிக்க வேண்டும். ரகம், வெயில், மழை, மண் ஆகியவற்றைப் பொறுத்துப் பலன் கூடும், குறையும். நோய் முற்றிய வயலில் தெளித்துவிட்டுப் பலனில்லை என்பது, அம்மை கண்ட பிறகு அம்மை குத்தியதற்குச் சமம்.

பஞ்சகவ்யமும் மூலிகைக் கரைசலும் தெளிக்கும் நம் ஊர் உழவர்களுக்கும் இது பொருந்தும். நம்பிக்கை மட்டும் போதாது. ஒரு பாத்தியைத் தெளிக்காமல் விட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பானில் செய்த சோதனைக்கும் அடிப்படை அந்த ஒப்பீடுதான். அதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும்.