கண்டிக் கைதி சொன்ன மூலிகையும் மறதிநோயும்

1689ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் திகதி, இலண்டனில் றோயல் சொசைட்டி அறிஞர்கள் முன்னிலையில் றொபேட் ஹூக் ஓர் இலையைப் பற்றி உரை நிகழ்த்தினார். நுணுக்குக்காட்டியில் தக்கையைப் பார்த்து உயிர்க்கலத்துக்குப் பெயர் சூட்டிய அதே ஹூக்தான். இந்த இலையை உண்டவர் சிறிது நேரம் நினைவையும் அறிவையும் இழந்துவிடுகிறார். அப்போது கண்டதும் கேட்டதும் செய்ததும் பின்னர் அவருக்கு நினைவில் இருப்பதில்லை. ஆயினும் உறங்கி எழுந்ததும் தெளிந்துவிடுகிறார் என்று அவர் விளக்கினார். சித்தம் கலங்கியோருக்கு இது பயன்படக்கூடும் என்ற நம்பிக்கையையும் வெளியிட்டார்.

அந்த இலை கஞ்சா. அதை அவரிடம் கொடுத்தவர், தம்மீதே பலமுறை சோதித்துப் பார்த்தவர், கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கைதியாக இருந்த றொபேட் நொக்ஸ்.

நொக்ஸின் கதை தமிழ் மண்ணில் தொடங்கித் தமிழ் மண்ணிலேயே முடிகிறது. புயலில் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்ற கப்பல் கொட்டியாரக் குடாவில் தங்கியிருந்தபோது, 1660இல் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் அவரையும் அவருடைய தந்தையையும் மாலுமிகள் சிலரையும் சிறைப்பிடித்தனர். அடுத்த ஆண்டே தந்தை காய்ச்சலில் மாண்டார். மகன் கண்டிக்கு அண்மையிலுள்ள எலதெத்தவில் காணி வாங்கி, தொப்பி பின்னி விற்றும் நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் காலம் கழித்தார். 1679இல் அனுராதபுரத்துக் காடுகளூடாக அருவியாற்றங்கரை வழியே நடந்து, அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து தப்பினார்.

1681இல் வெளிவந்த அவரது நூலில் ஒரு குறிப்பு உண்டு. வணிகத்துக்காக வடக்கே சென்றபோது மாடுகள் புரண்ட சேற்றுநீரைக் குடித்துக் காய்ச்சலில் விழுந்ததாகவும், பின்னர் உலர்ந்த கஞ்சா இலைத் தூளைச் சர்க்கரைக்கட்டியுடன் கலந்து காலையும் மாலையும் வெறும் வயிற்றில் உண்டதாகவும், அதன்பின் நோய் வரவில்லை என்றும் எழுதுகிறார். அந்தக் காய்ச்சல் இலையால் தணிந்ததா, தானாகவே தணிந்ததா? இந்தக் கேள்வியை நொக்ஸ் கேட்கவில்லை. மூலிகைகளைப் பற்றிப் பேசுவோர் பலர் இன்றும் கேட்பதில்லை.

முதுமை மறதிநோய் இன்று நம் குடும்பங்களின் துயரம். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ வாழும் பிள்ளை தொலைபேசியில் அழைக்கிறான்; கண்டியில் இருக்கும் தாய் "யார் தம்பி பேசுறது?" என்று கேட்கிறாள். அந்தத் தவிப்பில் எந்த மூலிகையின் பெயரைச் சொன்னாலும் மனம் பற்றிக்கொள்ளும். ஆதலால் இந்த வரலாற்றை நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஜேர்மன் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் 1906இல் தம் நோயாளி ஒருவரின் மூளையில் கண்ட மாற்றங்களை விவரித்தார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. மருந்துக்கான வழி கிடைக்க மேலும் எழுபது ஆண்டுகள் சென்றன. வியப்பு என்னவென்றால், நினைவைப் பறிக்கும் ஒரு செடியே அந்த வழியைக் காட்டியது.

ஊமத்தையை நம்மில் அறியாதார் இல்லை. அதை உண்டவன் பிதற்றுவான், நடந்ததை மறந்துவிடுவான். அதில் ஸ்கொப்போலமின் என்ற பொருள் இருக்கிறது. நரம்புகள் தமக்குள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலினின் வேலையை அது தடுக்கிறது. 1974இல் அமெரிக்காவில் திரக்மன், லெவிட் என்ற இருவர் ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஸ்கொப்போலமினைக் கொடுத்துப் பார்த்தனர். முதியோரின் மறதியை ஒத்த மறதி அவர்களிடம் தோன்றியது. இரண்டாண்டுகளின் பின், அசிட்டைல்கோலினை உருவாக்கும் நொதியம் அல்சைமர் நோயாளரின் மூளையில் வெகுவாகக் குறைந்திருப்பதை எடின்பரோ ஆய்வாளர்கள் கண்டனர்.

அப்படியானால், இருக்கும் அசிட்டைல்கோலின் சிதையாமல் காத்தால் என்ன? அதற்கான பொருள் ஏற்கெனவே கைவசம் இருந்தது. மேற்கு ஆபிரிக்காவின் கலபார் பகுதியில், குற்றஞ்சாட்டப்பட்டோருக்கு ஒரு நச்சு அவரையைத் தின்னக் கொடுத்துச் சோதிப்பார்கள். பிழைத்தவன் நிரபராதி. அந்த அவரையிலிருந்து 1864இல் பைசோஸ்டிக்மின் பிரித்தெடுக்கப்பட்டது. அடிமைகளின் பரம்பரையில் வந்த அமெரிக்க இரசாயனவியலாளர் பேர்சி ஜூலியன் 1935இல் அதை ஆய்வுகூடத்தில் உருவாக்கினார். அதன் அமைப்பை முன்மாதிரியாகக் கொண்டு ஆக்கப்பட்ட ரிவாஸ்டிக்மின் 2000இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. பனிக்காலம் முடிகையில் பூக்கும் ஸ்நோட்ரொப் செடியிலிருந்து கிடைத்த கலன்ரமின், பல்கேரியாவில் முதலில் போலியோவின் பின்விளைவுகளுக்கு வழங்கப்பட்டது. 2001இல் அதுவும் மறதிநோய்க்கான மருந்தாயிற்று.

இவை நோயைக் குணப்படுத்துவதில்லை. அறிகுறிகளைச் சில காலம் ஓரளவு தணிக்கின்றன. எனினும் செடியிலிருந்து உண்மையாகவே மருந்து வந்தது என்பதற்கு இவையே சாட்சி.

பத்திரிகைப் பணி நிமித்தம் கண்டிக்குச் சென்ற நாள்களில் பேராதனைப் பூங்காவில் பலமுறை உலாவியிருக்கிறேன். பார்ப்போருக்கு அது பூக்களின் இடம். வரலாற்றில் அது ஒரு மருந்துக் களஞ்சியம். 1821இல் அதை அங்கு நிறுவிய அலெக்சாந்தர் மூன், 1824இலேயே இலங்கைத் தாவரங்களின் பட்டியலைச் சிங்களப் பெயர்களோடு வெளியிட்டார். 1861இல் ஹக்கலையில் பூங்கா அமைந்ததே சிங்கோனா மரத்தை வளர்க்கத்தான். சிங்கோனாப் பட்டையிலிருந்து குயினைன் 1820இல் பிரித்தெடுக்கப்பட்டிருந்தது. பட்டையின் தரம் மரத்துக்கு மரம் மாறும். குயினைனை நிறுத்துக் கொடுக்கலாம். மூலிகை மருந்தாகும் இடம் அதுதான். பின்னாளில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். யூ. எஸ். சுல்தான்பாவாவும் அவர்தம் மாணவர்களும், புன்னையும் கொறுக்காயும் சேர்ந்த குடும்பத்து மரங்களின் சேர்மங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராய்ந்ததும் அந்த மரபிலேயே.

இனி வல்லாரைக்கு வருவோம். சிங்களவர் அதைக் கொட்டுக்கொல என்பர். கண்டியில் அது சம்பலாகவும் காலை இலைக்கஞ்சியாகவும் இரு சமூகங்களின் உணவிலும் இருக்கிறது. நினைவாற்றலுக்கு நல்லது என்ற நம்பிக்கையும் இருவருக்கும் பொது. பெயரிலேயே ஒரு சிக்கல் உண்டு: வட இந்தியாவில் பல இடங்களில் வல்லாரையைப் பிரம்மி என்பர், கேரளத்தில் பிரம்மி என்றால் நீர்ப்பிரம்மி. பழைய நூல் சொல்லும் பிரம்மி இவற்றுள் எது என்பதே முதற்கேள்வி.

வல்லாரையிலுள்ள ஏசியாட்டிகோசைட் 1941இலேயே பிரித்தெடுக்கப்பட்டது. விலங்குகளில் செய்த சோதனைகள் நம்பிக்கை தருகின்றன. ஆனால் மனிதரிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வு, அறிவாற்றலில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதையும் காணவில்லை. ஜிங்கோ இலைச் சாற்றை அமெரிக்காவில் 3,069 முதியவர்களிடம் சோதித்தார்கள். அது மறதிநோயைத் தடுக்கவில்லை என்று 2008இல் முடிவு வந்தது. மஞ்சளின் குர்குமினை 36 அல்சைமர் நோயாளரிடம் 24 வாரம் சோதித்ததிலும் பயன் தெரியவில்லை. அது இரத்தத்தில் சேர்வதே மிகச் சொற்பம்.

நொக்ஸின் இலை என்னவாயிற்று? அதன் முதன்மைச் சேர்மத்தை நெதர்லாந்தில் மறதிநோயாளர் ஐம்பது பேரிடம் சோதித்தனர். வெற்று மாத்திரையைவிட அது மேலானதல்ல என்று 2015இல் அறிவித்தனர். அதே வகைச் செயற்கைச் சேர்மமான நபிலோன் நோயாளரின் கொந்தளிப்பைத் தணித்ததாகக் கனடாவில் 39 பேரிடம் நடந்த சோதனை 2019இல் காட்டியது; கூடவே மயக்கமும் அதிகரித்தது. நினைவை மீட்டது என்று எவரும் சொல்லவில்லை.

இவற்றையெல்லாம் எழுதக் காரணம் உண்டு. கண்டிக்குப் போகும் வழியில் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில், மறதியைப் போக்கும் என்று ஒரு தைலத்தைப் பெருவிலைக்கு என்னிடம் விற்க முனைந்தார்கள். எந்தச் செடி, எவ்வளவு, யாரிடம் சோதித்தது என்று கேட்டேன். விற்பவர் புன்னகைத்தார், பதில் வரவில்லை. நான் வாங்காமல் வந்துவிட்டேன். வீட்டில் நோயாளியை வைத்திருப்பவர்கள் அப்படி எளிதில் வெளியேற மாட்டார்கள்.

அவர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். விற்றமின் பி12 குறைபாடு, தைரொயிட் கோளாறு, மனச்சோர்வு ஆகியனவும் மறதியாகத் தோன்றும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. இரத்த அழுத்தம், நீரிழிவு, செவிக்குறைபாடு, புகைத்தல் உள்ளிட்ட 14 காரணிகளைக் கவனித்தால் மறதிநோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று 2024இல் லான்செட் ஆணைக்குழு கணித்தது. வல்லாரைச் சம்பலை விட்டுவிட வேண்டியதில்லை. அது நல்ல உணவு. மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு அதை மருந்தாக நம்புவதுதான் ஆபத்து.