மூலை ஒழிந்த கதை

தமிழ்நாடு முழுக்க இன்வெர்ட்டர் வாங்கிக்கொண்டிருந்த 2008-ல், நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளான நாங்கள் மின்வெட்டைப் பெரும்பாலும் பேப்பரில்தான் படித்தோம். கரண்ட் பிறக்கிற ஊர். எங்கள் பிரவுசிங் சென்டர்களில் லேன் கேம் தழைத்ததற்கு அதுதான் காரணம் என்பேன்.

நான் போனது மெயின் பஜார் பக்கம் ஒரு மாடி. ஆறு கம்ப்யூட்டர், மணிக்கு 20 ரூபாய். முதலில் கவுண்டர் ஸ்ட்ரைக்தான். டவுன்ஷிப்பின் இந்த வட்டத்துப் பையன்கள் அந்த வட்டத்துப் பையன்களைச் சுடுவோம், வெளியே வந்தும் சண்டை தொடரும். 2008 நவம்பரில் வெளியான ‘லெஃப்ட் ஃபோர் டெட்’ சில மாதம் கழித்து சென்டருக்கு வந்தபோதுதான் நாலு பேர் ஒரே பக்கம் நின்றோம். எதிரே ஜாம்பிக் கூட்டம். அதில் ஹண்டர் என்பவன் பாய்ந்து அமுக்கிவிட்டால் நீங்களாக எழ முடியாது, கூட வந்தவன் வந்து காப்பாற்ற வேண்டும். அப்பா செகண்ட் ஷிப்ட் முடித்து வருவதற்குள் ஆஸ்பத்திரி மொட்டைமாடியில் ஹெலிகாப்டர் ஏறிவிட வேண்டும் என்பது எங்கள் கணக்கு.

சீக்கிரமே ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தோம். மூலை. அலமாரி மாதிரி ஒரு சின்ன அறைக்குள் நாலு பேரும் சுவரோடு ஒட்டி நின்று, வருகிறவர்களைத் துப்பாக்கிக் கட்டையால் தள்ளித் தள்ளிச் சுட்டால் தீர்ந்தது. நடுவில் முறுக்குகூடத் தின்னலாம்.

ஒரே வருஷத்தில், 2009 நவம்பரில், இரண்டாம் பாகம் வந்துவிட்டது. அறிவிப்பு வந்தபோதே முதல் பாகத்து ரசிகர்கள் கொதித்தார்கள். வாங்கமாட்டோம் என்று 37,000 பேருக்கு மேல் இணையத்தில் சேர்ந்தார்கள். விளையாட்டை வெளியிட்ட வால்வ் கம்பெனி அவர்களில் இரண்டு பேரைத் தன் ஆபீசுக்கே வரவழைத்து விளையாடக் கொடுத்தது. கோபம் தணிந்தது. நாங்களும் ரொம்ப நாள் மாறவில்லை. கொள்கையெல்லாம் இல்லை, பழகிய மூலைகளை விட மனசில்லை.

இரண்டாம் பாகத்தில் புதிதாக ஸ்பிட்டர் என்றொருத்தி. அவள் துப்பிய பச்சை அமிலத்தில் அசையாமல் நின்றால் நாலு பேரும் காலி. சார்ஜர் ஓடிவந்து மற்றவர்களைச் சிதறடித்து ஒருவனைத் தூக்கிக்கொண்டு போவான். மூலை போச்சு. ஓடிக்கொண்டே பக்கத்தில் இருப்பவனைப் பார்த்தாக வேண்டும். கையில் கிரிக்கெட் பேட் வேறு கொடுத்தார்கள்! முதல் பாகத்துக் கிழவர் பில்லுக்கு ஈடான ஆள் இரண்டாவதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். விளையாட்டாக இரண்டாவதே மேல்.

அதிலும் ‘ஹார்ட் ரெய்ன்’ பகுதி. படகுக்கு எரிபொருள் எடுக்கச் சர்க்கரை ஆலையையும் கரும்புக்காட்டையும் தாண்டிப் போக வேண்டும். எடுத்ததும் வந்த வழியே திரும்ப வேண்டும். அதற்குள் புயல் பிடித்துக்கொள்ளும். பாதை வெள்ளம், பக்கத்தில் இருப்பவன் தெரியமாட்டான், கத்தினாலும் கேட்காது. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையைப் பஸ்ஸில் தாண்டிப் போய் வளர்ந்த எங்களுக்கு அது வெளிநாடாகவே படவில்லை.

2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் கரையேறியது. காலையில் வெளியே வந்தால் எங்கள் தெருவைக் காணோம். குறுக்கும் நெடுக்குமாக மரங்கள். டவுன்ஷிப்பிலேயே கரண்ட் இல்லை. மூன்றாம் நாள் ரம்பம் வந்தது. சென்டர் கூட்டாளிகள் நாலு பேரும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு வாகை மரத்தடியில் நின்று பார்த்தோம். பாதி அறுத்ததும் ரம்பம் இருமி நின்றுவிட்டது. அறுத்தவர் அதைக் காதருகே தூக்கி ஆட்டிப் பார்த்தார்.

“பெட்ரோல் தீந்துடுச்சு மச்சான், பேட்ட எடு” என்றான் ஒருவன்.