ஆளுக்கு என்ன விலை?

நம் கல்லூரி ஹாக்கி டீமுக்கு ஆள் சேர்த்தவன் நான். ஃபார்வர்டு ஆட எல்லோரும் முந்துவாங்க. மிஞ்சினவன் காலில் கோல் கீப்பர் பேடைக் கட்டுவோம். தோற்றால் அவனையே திட்டுவோம். இன்று அம்பத்தூர் எஸ்டேட்டில் பொறியாளன். கணக்கு எங்கே தப்பியது என்று இப்போதுதான் புரிகிறது.

ஒரு காலத்தில் சென்னையில் நல்ல ஆட்டக்காரனின் மதிப்பு என்றால் வேலைதான். ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி போன்ற அணிகளில் சேர்ந்தால் குடும்பமே கரையேறிவிடும். பிறகு லீக்குகள் வந்தன. 2005-இல் பிரீமியர் ஹாக்கி லீக்கில் சென்னை வீரன்ஸ், 2012-இல் வேர்ல்டு சீரிஸ் ஹாக்கியில் சென்னை சீட்டாஸ். இரண்டு லீக்குமே நிலைக்கவில்லை. 2013 முதல் 2017 வரை நடந்த ஹாக்கி இந்தியா லீக்கில் நமக்கு அணியே இல்லை.

அந்த லீக் மீண்டும் தொடங்கியபோது, 2024 அக்டோபர் ஏலத்தில் தமிழ்நாடு டிராகன்ஸ் புதிதாக அணி கட்ட உட்கார்ந்தது. கையில் 4 கோடி. எடுக்க வேண்டியது 24 பேர். சராசரி, ஆளுக்குப் பதினாறரை லட்சத்துச் சொச்சம். ஆனால் பெனால்டி கார்னர் அடிக்கும் நெதர்லாந்தின் யிப் யான்சனுக்கு 54 லட்சம், தடுப்பாட்டக்காரர் அமித் ரோஹிதாஸுக்கு 48 லட்சம், அயர்லாந்து கோல் கீப்பர் டேவிட் ஹார்ட்டுக்கு 32 லட்சம். மூன்று பேருக்கே மூன்றில் ஒரு பங்கு! கோல் காப்பவனும் தடுப்பவனும் முதலில், மற்றது பிறகு. நம்ம அரியலூர் கார்த்தி செல்வமும் அணியில் இருந்தார். முதல் சீசனிலேயே நான்காம் இடம்.

ஆவடி, பூந்தமல்லியிலிருந்து வரும் தம்பிகளே, டீம் எடுக்கும்போது கோல் கீப்பரிலிருந்து ஆரம்பிங்க. எங்கள் பழைய கோல் கீப்பர் இந்த ஒன்றுகூடலுக்கு வந்தால், காபி வாங்கிக் கொடுத்து மன்னிப்பும் கேட்பேன்.