பாறை தேயும் கணக்கு

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது பழமொழி. கல் தேயும் என்பதில் நமக்கு ஐயம் இல்லை. ஆனால், எத்தனை ஆண்டில் எவ்வளவு தேயும் என்று யாரேனும் வினவினால் விடை கூறுவது எளிதன்று. மலை முகட்டில் ஒருவன் வாழ்நாள் முழுவதும் காத்திருந்தாலும் அம்மலை குறைந்ததைக் கண்ணால் காண மாட்டான். அக்கேள்விக்கு விடை தரும் விஞ்ஞானத்தின் வேர்களுள் ஒன்று, அந்நாளில் பம்பாய் என வழங்கிய மும்பை மாநகரில் ஊன்றியது என்பதை நம்மில் பலர் அறியோம்.

விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் இரவும் பகலும் பூமியின்மீது பொழிந்த வண்ணம் உள்ளன. அவை அணுவினும் நுண்ணிய துகள்கள். காற்றிலுள்ள நைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்களை அவை தாக்கி உடைக்கும்போது புதிய அணுக்கள் சில தோன்றுகின்றன. ஹோமி பாபா 1945இல் நிறுவிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் இக்கதிர்களின் ஆராய்ச்சியைத் தொடக்கம் முதலே மேற்கொண்டது. பெர்னார்ட் பீட்டர்ஸ் என்னும் அறிஞர் 1951இல் அங்கு வந்து சேர்ந்தார். காசியில் பிறந்த தேவேந்திர லால் என்ற இளைஞர் அவருடன் பணியாற்றினார். கதிர்களையே ஆராய்வதோடு நில்லாமல், கதிர்கள் படைத்த அணுக்கள் பூமியில் எங்கெங்கே போய்ச் சேர்கின்றன என்று அவர்கள் தேட முற்பட்டனர்.

வானில் பிறந்த அணுக்களைத் தரைக்குக் கொண்டுவருவது மழை. மும்பைக்கோ மழைக்குப் பஞ்சமில்லை. பெரிலியம்-7 என்னும் அணுவை மழைநீரில் கண்டதாக அமெரிக்காவில் ஆர்னால்டு என்பவரும் அவருடைய துணைவரும் 1955இல் அறிவித்தனர். மறு ஆண்டே கோயல், ஜா, லால், ராதாகிருஷ்ணா, ராமா ஆகியோர் டாடா நிலையத்திலிருந்து மழைநீர் ஆராய்ச்சியின் முடிவை வெளியிட்டனர். மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் நம் தமிழ் மக்களின் கூரைகளை நனைத்தோடிய ஆனி, ஆடி மழையிலும் இவ்வணுக்கள் கலந்தே வந்தன என்று எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது.

பெரிலியம்-7 நிலையற்றது. 53 நாட்களில் அதில் பாதி அழிந்துவிடும். அதன் உடன்பிறப்பான பெரிலியம்-10 பாதியாகக் குறையவோ ஏறத்தாழ 14 லட்சம் ஆண்டுகள் வேண்டும். மலையின் காலத்தை அளக்க ஏற்ற கடிகாரம் இதுவே. காற்றை ஊடுருவி வரும் கதிர்களின் ஒரு சிறு பகுதி தரையையும் தாக்குகிறது. குவார்ட்ஸ் என்னும் வெண்கல்லில் உள்ள ஆக்சிஜன் அணு உடையும்போது கல்லுக்குள்ளேயே பெரிலியம்-10 பிறக்கிறது. ஆனால் கடல்மட்டத்தில் ஒரு கிராம் கல்லில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து அணுக்களே பிறக்கும். ஒரு கிராமில் ஒரு லட்சம் அணுக்கள் சேர்ந்துள்ளதாகக் கொள்வோம். அவற்றுள் ஓர் அணு சிதைவதைக் காணவே சராசரியாக இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்! ஆதலால், எண்ணம் இருந்தும் கருவி இல்லாத நிலை நெடுநாள் நீடித்தது.

அணுக்கள் சிதையும்வரை காத்திராமல் அவற்றையே நேராக எண்ணும் முடுக்கிக் கருவிகள் 1970களின் இறுதியில் தோன்றின. அதன் பிறகே வழி பிறந்தது. லால், பாறைப் பரப்பு தேயும் வேகத்தை இவ்வணுக்களைக் கொண்டு கணிக்கும் முறையை 1991இல் விரிவாக வகுத்தளித்தார். இன்று இத்துறையினர் அனைவரும் அறிந்த கட்டுரை அது. அவர் 2012இல் மறைந்தார்.

முறையின் உட்பொருள் எளியது. கதிர்களின் வலிமை பாறைக்குள் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. ஆகவே பாறை மெதுவாகத் தேய்ந்தால், உள்ளிருக்கும் மணல் மேற்பரப்பை அடையுமுன் கதிரடியில் நெடுநாள் கிடந்து அணுக்களை மிகுதியாகச் சேர்த்துக்கொள்ளும். விரைந்து தேய்ந்தால் சேர்க்கை குறையும். மேலே சொன்ன ஒரு லட்சத்தை ஐந்தால் வகுத்தால் 20,000 ஆண்டு வருகிறது. அதுவே அந்த 60 சென்டிமீட்டர் தேய எடுத்த காலம். அதாவது ஆயிரம் ஆண்டில் மூன்று சென்டிமீட்டர். ஒரு மனிதனின் எழுபது ஆண்டு வாழ்வில் ஒரு நெல்மணியின் கனமே கரையும்.

ஆற்று மணலில் ஒரு பிடி எடுத்து ஆராய்ந்தால் அவ்வாற்றின் வடிநிலம் முழுவதும் தேயும் சராசரி வேகமே புலப்படும். தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இவ்வாறு அளந்துள்ளனர். மும்பையின் மண்ணுக்கடியில் இருப்பது பெரும்பாலும் பசால்ட் என்னும் எரிமலைப் பாறை. அதில் குவார்ட்ஸ் அரிதாதலின், அத்தகைய பாறைகளில் ஹீலியம்-3 போன்ற வேறு அணுக்களை நாடுவர்.

இதனால் நமக்கு என்ன பயன்? செம்பூரை அடுத்த குன்றுகளின் அடிவாரத்தில் ஏழை மக்கள் பலர் வாழ்கின்றனர். 2021 ஜூலை 18 அன்று பெருமழையில் அங்கே சுவர் இடிந்து வீடுகளின்மேல் விழுந்து பலர் மாண்டனர். எந்தச் சரிவு எந்நாளில் சரியும் என்று இவ்வணுக்கள் சொல்லமாட்டா. ஆனால் மனிதன் கைவைக்குமுன் இயற்கை எவ்வளவு நிதானமாகத் தன் வேலையைச் செய்தது என்பதை அவை சொல்லும். நாம் கண்ட கணக்கின்படி, மூன்று மீட்டர் உயரத்துக்கு மலையை வெட்டுவது ஒரு லட்சம் ஆண்டின் தேய்மானத்தைச் சில நாட்களில் செய்வதாகும். உழுநிலத்து மண்ணுக்கும் இது பொருந்தும். பாறை கரைந்து மண்ணாகும் வேகத்தை மிஞ்சி மண்ணை நாம் இழந்தால், அது முதலை உண்ணும் வாணிகமே அன்றி வேறில்லை.

வரவு எவ்வளவு என்று அறியாதவன் செலவை அடக்க இயலாது. பூமி தரும் வரவைக் கணக்கிட மழைத்துளியிலிருந்து தொடங்கி வழிகாட்டிய அறிஞர்களுக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு, அக்கணக்கைப் பார்த்துச் செலவிடுவதே ஆகும்.