சலவை நொதிகளின் வெப்பக் காப்பு

சலவைத்தூள் போன்ற திண்மப் பொருள்களில் சேர்க்கப்படும் நொதிகள் சூட்டில் செயலிழக்காமல் காக்கும் முறைகள். நொதி ஒரு புரதம். சூடு மிகுந்தால் அதன் மடிப்பு குலையும். ஆறிய பின்னும் பெரும்பாலும் மீளாது.

வரலாறு: ஜெர்மானிய வேதியியலாளர் ஓட்டோ ரோம் 1913-இல் கணைய நொதியைச் சலவைக்குப் பயன்படுத்தக் காப்புரிமை பெற்றார். 1960-களில் பாசில்லஸ் பாக்டீரியா தரும், காரம் தாங்கும் சப்டிலிசின் என்னும் நொதி பரவியது.

காப்பு முறைகள்: சலவைத்தூள் சூடான காற்றில் உலர்ந்து ஆறிய பின்னரே நொதி கலக்கப்படும். நொதியை உப்பு, செல்லுலோசுடன் குருணையாக்கி, பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்ற மெழுகுத்தன்மையுள்ள பொருளால் பூசுவர். பூச்சு ஈரத்தையும் வெளுப்பானையும் தடுக்கும். ஆலைத் தொழிலாளருக்கு ஒவ்வாமை தரும் நொதித் தூசியையும் அடக்கும். கால்சியம் அயனிகள் சப்டிலிசினின் கட்டமைப்பை உறுதியாக்கும்.

காவிரிப் படுகையில்: தஞ்சை வட்டாரத்தின் சோறு, கஞ்சிக் கறைகளை அமைலேஸ் என்னும் நொதியும், குழம்பின் எண்ணெய்ப் பிசுக்கை லிப்பேஸ் என்னும் நொதியும் கரைக்கும். உவர்மண் காரமும் நீராவியும் சேர்ந்த பழைய வெள்ளாவியில் இவ்வகை நொதிகள் நிலைக்காது. அரிசி ஆலைத் தவிட்டில் நிலைமை நேர்மாறு: அதிலுள்ள லிப்பேசைச் சூட்டால் அழித்தால்தான் தவிட்டெண்ணெய் விரைவில் கெடாது.

பயன்பாடு: நொதி கலந்த தூளை வெயில் படாமல், ஈரமின்றி மூடிவைக்க வேண்டும். துணியை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தாலே போதும். கொதிநீர் வேண்டாததால் எரிபொருள் மிச்சமாகும்.