நோர்வேயின் பள்ளிக்கூடங்களும் சாமி மக்களின் மொழியும்

புத்தாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் எனச் சங்கத்தார் கேட்டபோது, நாவலரையோ சங்கிலி மன்னனையோ பற்றித்தான் எழுதுவேன் என நினைத்திருப்பார்கள். அவற்றை எழுத எம்மிடையே தகுதியானவர்கள் பலர் உள்ளனர். நாம் வந்து குடியேறிய இந்த மண்ணின் கதை ஒன்றை நான் எழுதுகிறேன்.

எம்மவர்களிற் பலர் இந்நாட்டில் முதன்முதலில் உழைத்தது வடகோடியிலுள்ள பின்மார்க் மாகாணத்து மீன் தொழிற்சாலைகளில். நானும் 80களின் பிற்பகுதியில் அங்கே மீன் வெட்டினவன்தான். என்னோடு வேலை செய்த வயதான மனிசன் ஒருவர் இடைவேளையில் தன் தமையனோடு வேறொரு மொழியில் கதைப்பார். யாராவது கிட்ட வந்தால் சட்டென்று நொஸ்க்குக்கு மாறிவிடுவார். ஏன் எண்டு கேட்டால் சிரிப்புத்தான் பதில். அது சாமி மொழி. (எங்கட கோயிற் சாமியோடு சேர்த்துவிடாதேயுங்கோ. நோர்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா ஆகிய நான்கு நாடுகளின் வடபகுதியிலும் வாழும் பழங்குடி மக்களின் பெயர் அது.)

அவருக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுத்தது பள்ளிக்கூடம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து சாமி மக்களையும், பின்னிஷ் மொழிவழி வந்த குவேன் மக்களையும் நோர்வேஜியராக மாற்றுவது அரசின் கொள்கையாயிற்று. எல்லைக்கு அப்பாலுள்ளவர்கள் மீதான பயம் ஒருபுறம், இவர்கள் தாழ்ந்த இனம் என்ற எண்ணம் மறுபுறம். பாடம் நோர்வேஜிய மொழியில்தான், சாமி மொழி விளங்காதவிடத்து உதவிக்கு மட்டும் என 1880இல் ஆசிரியர்களுக்கு அறிவுறுத்தல் வந்தது. 1898இல் அது மேலும் இறுகியது. 1902இல் காணிச் சட்டம் வந்தது. நோர்வேஜிய மொழியைப் பேச, வாசிக்க, எழுதத் தெரிந்து அதை அன்றாடம் பாவிப்பவருக்கே பின்மார்க்கில் அரச காணி விற்கப்படும் என்றது அது. காணி எண்டால் என்னவெண்டு எங்களுக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை.

1905இல் நைடன் என்னும் எல்லையோர ஊரில் அரச விடுதிப் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. பின்னர் இப்படிப் பல வந்தன. ஏழு வயதுப் பிள்ளை, ஒரு சொல்லும் விளங்காத வகுப்பில் போய் இருந்தது. பல விடுதிகளில் தமக்குள்ளேயும் தாய்மொழியில் கதைக்க விடவில்லை.

இதை எதிர்த்து முதலில் எழுந்தவர்களிற் சிலர் அதே முறையிற் பயின்ற ஆசிரியர்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. துரொம்சோ ஆசிரியர் கலாசாலையிற் படித்த அன்டர்ஸ் லார்சன் 1904 முதல் 1911 வரை சாமி மொழியில் ஒரு பத்திரிகை நடத்தினார். அங்கேயே படித்த இசாக் சபா 1906இல் நோர்வே நாடாளுமன்றத்துக்குத் தெரிவான முதற் சாமி ஆனார். தானா ஊர் ஆசிரியர் பேர் பொக்ஸ்தாட் 1924இல் ஒரு கல்வித் திட்டமே எழுதிக் கொடுத்தார். பிள்ளையின் கல்வி தாய்மொழியில் தொடங்கட்டும், நோர்வேஜிய மொழி பிறகு வரட்டும் என்பது அதன் சாரம். ஏற்கவில்லை.

1967இல்தான் கராசோக்கிலும் கௌத்தோக்கைனோவிலும் சாமி மொழியில் ஆரம்ப வகுப்பு தொடங்கியது. நாற்பத்துமூன்று வருடம்! அதற்கிடையில் ஒரு தலைமுறை போய்விட்டது. அல்தா ஆற்று அணைக்கு எதிரான போராட்டத்தின் பின்னரே மற்றவை வேகமாக நடந்தன. 1987இல் சாமிச் சட்டம், 1989இல் சாமி நாடாளுமன்றம், 1997இல் பள்ளிக்கூடங்களுக்குத் தனியான சாமிப் பாடத்திட்டம். அதே 1997இல் மன்னர் ஹரால்ட் மன்னிப்புக் கேட்டார். உண்மை ஆணைக்குழுவின் அறிக்கை 2023இல் வந்தது. 2024 நவம்பரில் நாடாளுமன்றமும் மன்னிப்புக் கோரியது.

மன்னிப்பு நல்லதுதான். ஆனால் என்னோடு வேலை செய்தவரின் பிள்ளைகளுக்கு அந்த மொழி தெரியாது. தான் பட்டது பிள்ளைகளுக்கு வேண்டாமென்று அவரே வீட்டில் கதைக்காமல் விட்டவர். சட்டத்தை மாற்றலாம், இதை எந்த நாடாளுமன்றம் மாற்றும்?

இதை வாசித்து நோர்வேக்காரரை மட்டும் திட்டவேண்டாம். யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை நிலத்தில் இருத்திப் படிப்பித்த பள்ளிக்கூடங்கள் இருந்தன. 1930ஐ ஒட்டிய காலத்தில் சம ஆசனம் கொடுத்த பள்ளிக்கூடங்களுக்கு நெருப்பு வைத்தவர்களும் வெளியார் அல்லர். எங்கட ஆக்கள்தான்.

90களில் எமது பிள்ளைகளுக்கு இங்கு பள்ளிக்கூடத்திலேயே தாய்மொழிப் பாடம் கிடைத்தது. பின்னர் அது நோர்வேஜிய மொழி போதிய அளவு வராதவர்களுக்கு மட்டும் எனச் சுருங்கியது. மற்றவர்களுக்கு வார இறுதியில் நாமே படிப்பிக்கிறோம். எமது தமிழ்ப் பாடசாலையின் மேல் வகுப்பு வரலாற்றுப் பாடத்தில் சாமி மக்களின் கதையும் சம ஆசனக் கதையும் பக்கம் பக்கமாக வரவேண்டும் என அடுத்த பொதுக்கூட்டத்திற் கேட்கவிருக்கிறேன். பெற்றோர் வந்து ஆதரவு தாருங்கோ.