பிளாக்பூல்: ஆலைத் தொழிலாளர்கள் வளர்த்த கடற்கரை

இங்கிலாந்தின் கடற்கரை நகரங்கள் என்றதும் பிரபுக்களும் இளவரசர்களும் ஓய்வெடுத்த பிரைட்டன் போன்ற ஊர்கள்தான் நினைவுக்கு வரும். வடமேற்குக் கரையில் இருக்கும் பிளாக்பூலின் கதை வேறு. அந்த ஊரை வளர்த்தவர்கள் பஞ்சாலைத் தொழிலாளர்கள்.

1801-ல் அங்கு வாழ்ந்தவர்கள் 500 பேருக்கும் குறைவு. கடலில் வந்து கலந்த கறுப்பு நிற ஓடைநீரால் ஏற்பட்ட பெயர்தான் பிளாக்பூல். கடல்நீரில் குளித்தால் நோய் தீரும் என்று மருத்துவர்கள் சொன்ன காலம் அது. வண்டி கட்டி வர வசதி இருந்தவர்கள் மட்டுமே வந்து போனார்கள்.

1846-ல் ரயில் வந்ததும் நிலைமை மாறியது. ஓல்டாம், போல்டன், பர்ன்லி போன்ற லங்காஷயர் ஆலை ஊர்கள் கடலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. அந்த ஊர்களில் 'வேக்ஸ்' என்ற பழைய தேவாலயத் திருவிழா உண்டு. திருவிழா என்றால் யாரும் வேலைக்கு வரமாட்டார்கள். தடுத்துப் பார்த்த முதலாளிகள் கடைசியில் அந்த வாரம் ஆலையையே மூடி, கொதிகலன்களையும் இயந்திரங்களையும் பழுது பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு வாரம் என்பதால் பிளாக்பூலில் கோடை முழுவதும் கூட்டம்தான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அந்த விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது என்பது. வருடம் முழுக்க வாரா வாரம் சில காசுகளைச் சேமிப்புச் சங்கத்தில் கட்டி, அந்த ஒரு வாரத்தில் செலவழித்தார்கள். தங்கும் விடுதிக்கு மளிகைச் சாமான்களைத் தாங்களே வாங்கிக் கொடுத்து, சமைக்கச் சொல்லிச் சாப்பிட்டவர்களும் உண்டு. சம்பளத்தோடு விடுமுறைக்கு வழி செய்த சட்டம் 1938-ல்தான் வந்தது.

இந்தச் சில்லறைக் காசுகளில்தான் நகரம் எழுந்தது. 1879-ல் கடற்கரைச் சாலையில் மின்விளக்குகள், 1885-ல் பிரிட்டனின் முதல் மின்சாரத் தெரு டிராம், 1894-ல் ஈபிள் கோபுரத்தைப் பார்த்துக் கட்டிய 158 மீட்டர் கோபுரம் என்று வரிசையாக வந்தன. 1901-ல் மக்கள்தொகை 47 ஆயிரத்தைத் தாண்டியது.

இந்தக் கதையில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. லங்காஷயர் துணிக்குப் பெரிய சந்தை இந்தியாதான். இங்கே கைத்தறி நெசவாளர்களின் பிழைப்பைக் கெடுத்த அதே துணிதான் அங்கே ஒரு தொழிலாளியின் ஒரு வாரச் சந்தோஷத்துக்குக் காசு கொடுத்தது. 1931-ல் காந்தி லங்காஷயருக்குச் சென்று, வேலை இழந்து நின்ற தொழிலாளர்களைச் சந்தித்தார். இந்தியாவின் வறுமையை எடுத்துச் சொன்ன அவரை அவர்கள் அன்போடுதான் வரவேற்றார்கள்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1960-களுக்குப் பிறகு குறைந்த செலவில் விமானம் ஏறி ஸ்பெயின் வெயிலுக்குப் போக முடிந்தது. பிளாக்பூல் தளர்ந்தது. 2019-ல் வெளியான அரசுக் கணக்கின்படி, இங்கிலாந்தில் மிகவும் பின்தங்கிய பத்துக் குடியிருப்புப் பகுதிகளில் எட்டு பிளாக்பூலில் இருந்தன.

கோபுரமும் டிராமும் இன்றும் இருக்கின்றன. கூட்டமும் வருகிறது. ஆனால் ஊரோடு கிளம்பி வந்த அந்தத் திருவிழா வாரம்தான் இல்லை. ஆலை நின்றதும் அதுவும் நின்றுவிட்டது.